திருத்தாமல் விட்ட வாக்கியம்

கடற்கரைக் கிராமம் ஒன்றின் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியனாகப் பல்லாண்டுகள் பணியாற்றி, 2021-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவன் நான். குமரி மாவட்டத்தின் குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கிடையே பிறந்து வளர்ந்தேன். எனக்கு நீந்தத் தெரியாது. கடலைக் கரையில் நின்று பார்த்ததன்றி அதன்மேல் சென்றறியேன். அப்படிப்பட்ட நான் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிய கதை ஒன்றைச் சொல்லிக் கொடுக்கப் போய், அவர்களிடம் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றை இங்கே எழுதத் துணிகிறேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்கும், அவர்களை வகுப்பில் எதிர்கொள்ளும் ஆசிரியருக்கும் இது ஓரளவேனும் பயன்படும் என்பது என் நம்பிக்கை.

ஆங்கிலத் தேர்வில் ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறும் வினா ஒன்று உண்டு: இக்கதையில் வரும் இன்னாரின் குணநலன்களை விவரி. இதற்கு நம் மாணவர் எழுதும் விடையைப் படித்தோர் அறிவர். அவர் துணிவு மிக்கவர், அன்பு நிறைந்தவர், கடின உழைப்பாளி, நேர்மையானவர். எந்தக் கதையாயினும் இதே நான்கு அடைமொழிகள்தாம். கைடு அச்சிட்டு விற்போர் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கின்றனர். நாமும் மதிப்பெண் இடுகின்றோம். கதையில் வந்த மனிதர் அந்த அடைமொழிகளுக்குள்ளே மூச்சு முட்டி மாண்டுபோவதை நாம் கவனிப்பதில்லை.

இதை மாற்ற எண்ணி நான் ஒரு முறையை வகுத்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் குணத்தைக் குறிக்கும் ‘கேரக்டர்’ என்ற சொல்லின் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. உலோகத்தில் முத்திரை பதிக்கும் கருவியையும், அது பதித்த தடத்தையும் அச்சொல் குறித்தது. திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், குருத்துவம் ஆகிய மூன்றும் ஆன்மாவில் அழியாத முத்திரை பதிக்கின்றன என்று ஞானோபதேச வகுப்பில் படித்தோமே, அங்கேயும் இதே சொல்தான். ஆகவே ஒரு மனிதரின் குணத்தை அறிய வேண்டுமானால் அவர் விட்டுச்சென்ற தடங்களைத் தேட வேண்டும் என்று மாணவருக்குச் சொன்னேன். அவருடைய தோற்றம், அவர் பேசும் சொல், அவர் செய்யும் செயல், அவர் உள்ளத்தில் ஓடும் எண்ணம், அவரைப்பற்றிப் பிறர் கூறுவது என ஐந்து சன்னல்களைக் கரும்பலகையில் வரைந்தேன். அடைமொழி எதுவும் எழுதக் கூடாது. சன்னல் வழியே கண்டதை மட்டும் எழுத வேண்டும். இதுவே விதி.

2019-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்தது. அதன் முதல் உரைநடைப் பாடம், அயர்லாந்து எழுத்தாளர் லியாம் ஓஃப்ளாஹர்ட்டி எழுதிய ‘முதல் பறத்தல்’ என்னும் சிறுகதை. பறக்க அஞ்சிப் பாறைவிளிம்பில் தனித்து நிற்கும் இளங் கடற்காகம் ஒன்றைப் பற்றியது அது. அதன் உடன்பிறப்புகள் பறந்து போய்விட்டன. பெற்றோர் அதட்டியும் பழித்தும் பார்த்துவிட்டனர். பட்டினி வாட்டுகிறது. தாய்ப்பறவை மீன்துண்டு ஒன்றை அலகில் கவ்வியபடி எட்டாத தூரத்தில் வந்து நிற்கிறது. பசி பொறாமல் பாய்ந்த குஞ்சு பள்ளத்தில் விழுகிறது. விழும்போதே சிறகுகள் விரிகின்றன.

என் மாணவர் இக்கதையில் திளைத்துவிட்டனர். ‘செயல்’ என்னும் சன்னல் வழியே எட்டிப் பார்த்த ஒரு பையன், “பறக்கப் பயந்த குஞ்சுக்குத்தான் சிறகு அதிக நீளம் சார். தம்பி தங்கைகளுக்கு அதைவிடச் சின்னச் சிறகு என்று எழுதியிருக்கிறது” என்றான். அந்த வரியை நான் பலமுறை படித்திருந்தும் அதன் பொருளைக் கவனித்ததில்லை. அச்சத்துக்கும் ஆற்றலின்மைக்கும் தொடர்பில்லை என்பதை ஆசிரியர் ஓர் அடைமொழியுமின்றிச் சிறகின் நீளத்தைக் கொண்டே சொல்லிவிட்டார். என் முறை வெற்றி பெற்றது என்று உள்ளம் பூரித்தேன்.

அந்தப் பூரிப்பே என்னைத் தவறவிட்டது.

விழுந்தும் எழுகின்ற தன்மைக்கு ஆங்கிலத்தில் ‘ரெசிலியன்ஸ்’ என்று பெயர். பின்னோக்கித் துள்ளுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. வளைத்து விட்ட மூங்கில் மீண்டும் நிமிர்வது போன்ற ஒன்று. இதை விளக்கப் பாடநூலுக்கு வெளியே ஒரு கதையும் சொல்ல விரும்பினேன். எர்னஸ்ட் ஹெமிங்வே 1952-இல் வெளியிட்ட ‘கிழவனும் கடலும்’ என்னும் குறுநாவலை எடுத்துக்கொண்டேன். 1953-இல் புலிட்சர் பரிசு பெற்ற நூல் அது; அடுத்த ஆண்டு அதன் ஆசிரியருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. எளிய ஆங்கிலத்தில் சுருக்கி, நான்கு வகுப்புகளில் சொல்லத் திட்டமிட்டேன்.

கியூபா நாட்டு முதிய மீனவர் சந்தியாகோ. 84 நாட்களாக அவருக்கு ஒரு மீனும் அகப்படவில்லை. முதல் 40 நாட்கள் மனோலின் என்ற சிறுவன் அவருடன் கடலுக்கு வந்தான். பின்னர்ப் பெற்றோர் அவனை வேறு படகுக்கு மாற்றிவிட்டனர். 85-ஆம் நாள் கிழவர் தனியே நெடுந்தொலைவு செல்கிறார். ஈட்டிபோன்ற மூக்குடைய மாபெரும் மீன் ஒன்று தூண்டிலில் மாட்டிப் படகையே இழுத்துச் செல்கிறது.

இதுவரை சொன்னதும் வகுப்பு என் கையை விட்டுப் போய்விட்டது. “அது நம்ம கொப்பரக்குல்லா இனம் சார்” என்றான் ஒருவன். கயிற்றைத் தோளில் சுற்றி முதுகில் தாங்குவது ஏன் என்று நான் விளக்கத் திணறியபோது, பின்வரிசையில் இருந்தவன் எழுந்து வந்து மேசையைப் படகாக்கி நடித்துக் காட்டினான். கயிறு கையை அறுத்த காயத்தில் உப்புநீர் படும் எரிச்சலை அவர்கள் எனக்குச் சொன்னார்கள். மீன் கிடைத்தால் பத்துக் கர்த்தர் கற்பித்த செபமும் பத்து மங்கள வார்த்தை செபமும் சொல்வதாகவும், கோப்ரே அன்னையின் திருத்தலத்துக்குப் பயணம் போவதாகவும் கிழவர் நேர்ந்துகொள்கிறார் என்றதும் வகுப்பே சிரித்தது. “எங்க தாத்தாவும் இப்படித்தான் சார்” என்றாள் ஒரு சிறுமி. ஹெமிங்வே தம் நோபல் பதக்கத்தைக் கியூபா மக்களுக்கு அளித்தார் என்பதையும், அது அதே கோப்ரே அன்னையின் திருத்தலத்தில் வைக்கப்பட்டது என்பதையும் சொன்னேன். கியூபாவும் எங்கள் கடற்கரையும் ஒன்றாகிவிட்டன.

மூன்றாம் வகுப்பின் முடிவில், உணர்ச்சி மேலிட்டவனாய் நான் ஒரு வாக்கியம் சொன்னேன். “பிள்ளைகளே, உள்ளத்தில் உறுதி உள்ளவனைக் கடல் வெல்ல முடியாது. இதுதான் இக்கதையின் பாடம்.”

மணி அடிக்கவில்லை. இரண்டு நிமிடம் இருந்தது. சன்னலோரம் இருந்த மாணவி எழுந்தாள். அதிகம் பேசாதவள்.

“அப்போ எங்க அப்பாவுக்கு அந்த உறுதி இல்லையா சார்?”

அவள் குரலில் சினம் இல்லை. கணக்கு வகுப்பில் ஐயம் கேட்பதுபோலவே கேட்டாள்.

2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாளை எங்கள் மாவட்டம் மறப்பதற்கில்லை. முந்தைய நாள் தாழ்வு மண்டலமாக இருந்தது அன்று ஒக்கிப் புயலாக உருவெடுத்துக் குமரிக்கடல் வழியே கடந்து சென்றது. பல நாள் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடல் சென்றிருந்தோர் கரையிலிருந்து வெகுதொலைவில் இருந்தனர். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநில மீனவருள் நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர், அல்லது காணாமற்போயினர். இம்மாணவியின் தந்தை காணாமற்போனவர்களுள் ஒருவர். அப்போது அவள் எட்டாம் வகுப்பில் இருந்தாள். இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், என் சொற்பொழிவின் சுவையில் அவளை மறந்தேன்.

நான் விடை சொல்லவில்லை. மணி அடித்தது. “நாளைக்குச் சொல்கிறேன், மக்களே” என்று கூறி வெளியேறினேன்.

அன்றிரவு நடந்ததை என் மனைவியிடம் சொன்னேன். அவர் அதிகம் படித்தவரல்லர். “கதையில் அந்தக் கிழவர் கடைசியில் மீனைக் கொண்டுவந்தாரா?” என்று கேட்டார். “இல்லை. சுறாக்கள் தின்றுவிட்டன. எலும்புக்கூடுதான் கரை சேர்ந்தது” என்றேன். “அப்படியானால் கடல் வெல்லவில்லை என்று எப்படிச் சொன்னீர்கள்?” என்றார்.

நூலை மீண்டும் எடுத்தேன். இருபது ஆண்டுகளாகப் படித்த கதையை வேறொரு கதைபோலப் படித்தேன். கிழவர் தாம் வரம்பு மீறி வெகுதூரம் சென்றதை எண்ணி வருந்துகிறார். அந்தச் சிறுவன் உடன் இருந்தால் நன்றாயிருக்குமே என்று மறுபடி மறுபடி ஏங்குகிறார். கரை சேர்ந்ததும் பாய்மரத்தைச் சுமந்து மேட்டில் ஏறுகையில் விழுகிறார்; உட்கார்ந்து உட்கார்ந்து குடிசை சேர்கிறார். காலையில் வந்த சிறுவன் அவருடைய கைகளைக் கண்டு அழுகிறான். காப்பி வாங்கி வருகிறான். இனி உம்மோடுதான் வருவேன் என்கிறான். மீண்டெழுதல் என்று ஒன்று இக்கதையில் உண்டென்றால், அது மீனோடு நடந்த போரில் இல்லை. இந்தக் காப்பிக் கோப்பையில் தொடங்குகிறது. இத்தனை ஆண்டுகளாக நான் இதை வகுப்பில் சொன்னதில்லை.

மறுநாள் வகுப்பில் முதலில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். “நேற்று நான் சொன்னது தவறு. இக்கதையிலேயே கிழவர் மீனை இழந்துதான் திரும்புகிறார். உறுதி இல்லாமையால் அவர் இழக்கவில்லை. கடல் பெரியது, மனிதன் சிறியவன். உறுதியுள்ளவர்களும் கடலில் மடிவார்கள். மடிந்தவர்களிடம் உறுதி இல்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை; எனக்கும் இல்லை” என்றேன். அந்த மாணவி தலை குனிந்திருந்தாள். நான் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. எல்லாரையும் பார்த்தே சொன்னேன். அவளுடைய துயரத்தை வகுப்புக்குக் காட்சிப்பொருளாக்க எனக்கு விருப்பமில்லை.

பிறகு அதே பாடநூலில் உள்ள மற்றொரு பாடத்தைத் திறக்கச் சொன்னேன். ‘தாரிணி’ என்ற இந்தியக் கடற்படைப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவந்த பெண்களைப் பற்றியது அது. வர்த்திகா ஜோஷி என்னும் அதிகாரியின் தலைமையில் 6 பெண்கள் 2017 செப்டம்பர் 10-இல் கோவாவிலிருந்து புறப்பட்டு, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாக்லாந்து தீவுகள், தென்னாப்பிரிக்கா வழியாகச் சென்று, 2018 மே 21-இல் திரும்பினர். மொத்தம் 254 நாட்கள். கப்பல்கள் அஞ்சும் கேப் ஹார்ன் முனையையும் கடந்தனர். நம் கடலில் ஒக்கி வீசிய நாட்களில் அவர்களும் பயணத்தில்தான் இருந்தனர்.

“இவர்களுக்கு இருந்ததும் உங்கள் வீட்டாருக்கு இல்லாததும் என்ன?” என்று கேட்டேன். ‘துணிவு’ என்று ஒருவரும் சொல்லவில்லை. பயிற்சி, உறுதியான படகு, வானிலைச் செய்தி, கரையோடு பேசும் கருவி, பழுது நேர்ந்தால் காத்திருக்கும் துறைமுகம் எனப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக அடுக்கினர். “ஒயர்லெஸ் பத்துப் பதினைந்து மைல் தாண்டினால் கேட்காது சார்” என்றான் ஒரு படகோட்டியின் மகன். அப்பெண்களின் துணிவை இது சற்றும் குறைப்பதாகாது. ஆனால் ஒருவர் மீண்டு வருவது அவர் உள்ளத்தை மட்டும் பொறுத்ததன்று; அவருக்குப் பின்னே நிற்போர் என்ன செய்தனர் என்பதையும் பொறுத்தது. இதை எந்தக் கைடும் எழுதவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைகள் தாமே கண்டு சொன்னார்கள்.

கரும்பலகையில் ஐந்து சன்னல்களின் அருகே ஆறாவதாக ஒன்றை வரைந்தேன். ‘உடன் நிற்பவர் யார்?’ என்று அதற்குப் பெயரிட்டேன்.

அவ்வாரக் கட்டுரைப் பயிற்சியாக, தாம் அறிந்த ஒருவரைப்பற்றிப் பன்னிரண்டு வாக்கியங்கள் எழுதி வரச் சொன்னேன். வழக்கமான விதிதான்: அடைமொழி கூடாது. யாரைப்பற்றி எழுதுவது என்பது அவரவர் விருப்பம். துயர நிகழ்ச்சி எதையும் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் தெளிவாகச் சொன்னேன்.

அம்மாணவி தன் தாயைப்பற்றி எழுதியிருந்தாள். அவள் எழுதிய எளிய ஆங்கிலத்தின் பொருளை இங்கே தருகிறேன். புயலுக்குப் பின் ஒரு வாரம் அம்மா அடுப்பு மூட்டவில்லை. அடுத்த வீட்டுப் பெரியம்மா சோறு கொண்டுவந்தார். இரண்டு மாதம் கழித்து அம்மா கடன் வாங்கிய சருவத்தோடு மீன் ஏலத்துக்குப் போனார். முதல் நாள் ஏலம் கேட்டபோது அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. பெரியம்மா அவருக்காகக் கேட்டார். இப்போது அம்மாவின் குரல் கோயில் முற்றம்வரை கேட்கிறது. சனிக்கிழமைதோறும் அப்பாவின் சட்டைகளை வெயிலில் காயவைத்து மடித்து வைக்கிறார். அப்பா இறந்துவிட்டார் என்று அம்மா சொல்வதில்லை. வருவார் என்றும் சொல்வதில்லை. ‘நேரமாயிற்று, பள்ளிக்கூடம் போ’ என்று சொல்கிறார்.

நடுவே ஒரு வாக்கியம் இருந்தது. என் அப்பாவுக்குக் கணவாய்க் குழம்பு பிடிக்கும்.

ஏனைய வாக்கியங்களில் நடந்து முடிந்தவற்றை எல்லாம் அவள் இறந்தகாலத்தில் பிழையின்றி எழுதியிருந்தாள். இந்த ஒரு வாக்கியத்தின் வினை மட்டும் நிகழ்காலத்தில் இருந்தது. என் சிவப்பு மைப் பேனா பழக்கத்தின் வேகத்தில் அவ்வினையின்மேல் போய் நின்றது. காலம் வழுவினால் அரை மதிப்பெண் குறைக்க வேண்டும். இறந்தகாலம் என்று நம் இலக்கணம் இட்ட பெயர் அன்று என்னைச் சுட்டது. உடல் கிடைக்கவில்லை, கல்லறை இல்லை, மந்திரித்துப் புதைத்த மண் இல்லை. இந்நிலையில் அந்த வினையின் காலத்தை மாற்ற நான் யார்? கடலோரத்துக் குடும்பங்கள் பல அந்த நிகழ்காலத்திலேதான் வாழ்ந்துகொண்டிருந்தன. பேனாவை மூடினேன். தாளின் கீழே முழு மதிப்பெண் இட்டேன். அந்த வாக்கியத்தைத் திருத்தாமல் விட்டேன்.

அவ்வாண்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கவேயில்லை. கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக 2020 ஜூன் 9-ஆம் நாள் அது கைவிடப்பட்டது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளையும் வருகைப் பதிவையும் கொண்டு மதிப்பெண் வழங்கி, அனைவரையும் தேர்ச்சி பெறச் செய்தனர். ஆண்டு முழுதும் மனப்பாடம் செய்த அடைமொழிகள் எந்த விடைத்தாளிலும் ஏறாமலே போயின. அதுபற்றி நான் வருந்தவில்லை.

அன்புப் பெற்றோரே, நம் பிள்ளைகளிடம் “தைரியமாக இரு” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகிறோம். தேர்வில் தவறிய பிள்ளையிடமும், துயரத்தில் உள்ள பிள்ளையிடமும் அதையே சொல்கிறோம். அச்சொல் சில வேளைகளில் ஆறுதலாவதற்குப் பதிலாகக் குற்றச்சாட்டாகி, “உன்னிடம் தைரியம் இல்லை” என்று அவர்கள் காதில் விழுகிறது. வீழ்ந்தவர் எழ வேண்டுமானால் முதலில் ஒருவர் காப்பியோ சோறோ கொண்டுவர வேண்டும். ஏலத்தில் அவர் குரல் எழாத நாளில், ஒருவர் அவருக்காகக் குரல் கொடுக்க வேண்டும். நல்ல கதைகளும் நல்ல அண்டை வீடுகளும் சொல்வது இதைத்தான்.

ஓய்வு பெற்றபின் ஒருநாள் சந்தையில் அந்தத் தாயைக் கண்டேன். சாளை விற்றுக்கொண்டிருந்தார். மகள் செவிலியர் படிப்பில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். நான் கேட்டதற்கு மேலாக இரண்டு மீன்களை எடுத்துப் பையில் இட்டு, “அந்தத் தாளை அவள் இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறாள் சார்” என்றார். எந்தத் தாள் என்று நான் கேட்கவில்லை.